மண்ணுக்குக் கொடுத்த நாலணா

எங்கள் பக்கத்தில் நடைக்கு நிழல் கிடையாது, நேரம்தான் உண்டு. இது ஆச்சி சொன்ன கணக்கு. பொழுது பனை உசரம் ஏறுமுன்னே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சேர முடியாவிட்டால் சாயங்காலம் கொண்டல் காற்று எழும்பும்வரை போன இடத்திலேயே இருந்துவிட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் கரிசல் காட்டில் நடப்பவர் இருவர்தான்: ஆடு மேய்ப்பவர், இல்லையென்றால் அசலூர்க்காரர்.

ஓட்டப்பிடாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயிலுக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் இருக்கும். ஏற்றம் இறக்கம் எதுவும் கிடையாது. மலை, காடு, ஆறு என்று பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை. வானமும் கறுத்த மண்ணும் நடுவில் சில பனைகளும்தான். எனக்கு எட்டு வயதிலிருந்து பதினைந்து வயதுவரை, வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறையாக இருந்தால் ஆச்சியோடு அந்த நடை. ஆச்சி கையில் ஒரு தூக்குவாளியும் இடுப்பில் ஒரு சுருக்குப்பையும் இருக்கும். என் கையில் எண்ணெய்ப் புட்டி. "ஏட்டி, புட்டியச் சாய்ச்சுராத" என்பதுதான் புறப்படும்போது வரும் முதல் சொல்.

வ.உ.சி. பிறந்த வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. அதைத் தாண்டும்போது ஆச்சி அந்தப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுவாள். எங்கள் வாத்தியார் ஒருவர் இரண்டு தேதிகளைச் சேர்த்தே மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். மேஜர் பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது 1799 செப்டம்பர் 5. வ.உ.சி. பிறந்தது 1872 செப்டம்பர் 5. நான் இதை ஆச்சியிடம் பெருமையாகச் சொன்னபோது, "எழுபத்திமூணு வருசம் ஆயிருக்கு, மறுபடி ஒரு ஆம்பளப்பிள்ள பெறக்க" என்றாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவள், கழித்தல் கணக்கை அந்த வேகத்தில் போட்டாள்.

ஊர் முடிந்ததும் வண்டித்தடம். இரண்டு சக்கரப் பள்ளமும் நடுவில் புல்மேடும். ஆச்சி ஒரு பள்ளத்தில், நான் மறு பள்ளத்தில். ஓரத்தில் ஆவாரம்பூ, எருக்கு, சங்கஞ்செடி. உடைமரங்கள் குடையைத் தட்டையாக விரித்து நிற்கும். அந்தக் குடைக்குள் வெயில் பாதி இறங்கும். "உடைமரத்து நெழலு ஓட்டைச் சல்லடை மாதிரி, உக்காந்தா புள்ளி புள்ளியாச் சுடும்" என்பாள் ஆச்சி. ஆக்காட்டிக் குருவி நாங்கள் வருவதை நான்கு புஞ்சைக்கு முன்னாலேயே ஊருக்கெல்லாம் சொல்லிவிடும். கிடை போட்டிருக்கும் புஞ்சையாக இருந்தால் ஆட்டுப்புழுக்கை வாசம் முன்னால் வரும். அதைப் பின்தொடர்ந்து கீதாரியின் நாய் வரும். ஆச்சி குனிந்து கல்லெடுப்பதுபோல் பாவனை செய்தால் போதும், அது நின்றுவிடும். கல் என்று ஒன்று கரிசலில் கிடையாது என்பது அந்த நாய்க்குத் தெரியாது.

இந்தத் தடத்துக்கு வருஷத்தில் ஐந்து முகம். புரட்டாசியில் மழையை நம்பிப் புழுதியிலேயே விதைத்துவிட்டு எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்தால் அந்தப் பாதையில் நடக்கவே முடியாது. கரிசல் சேறு காலில் ஒட்டும். ஒட்டிய சேற்றில் இன்னும் சேறு ஒட்டும். பத்து எட்டு வைப்பதற்குள் காலுக்குக் கீழே ஒரு பலகை முளைத்துவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, உடைமுள்ளுக்குப் பயந்து, பள்ளத்தை விட்டுப் புல்மேட்டில்தான் நடக்க வேண்டும். தையில் உளுந்தும் பாசியும் பிடுங்கி அடுக்கியிருப்பார்கள். மல்லி வாசம் வரும். மாசி, பங்குனியில் பருத்தி வெடிக்கும். சித்திரை பிறந்தால் பூமியே வெடிக்கும்.

வெடிப்பு என்றால் கோடு போட்டதுபோல் இல்லை. என் கை முழங்கைவரை உள்ளே போகும். குனிந்து பார்த்தால் அடி தெரியாது. குளிர்ந்த இருட்டு மட்டும் தெரியும். வெளியே அனல் அடிக்கிற நேரத்திலும் விரலில் படுகிற மண் சில்லென்றிருக்கும். ஓணான் ஒன்று அந்த வெடிப்புக்குள் தலைகீழாக இறங்கிப் போனதை ஒருதரம் பார்த்தேன். வெடிப்பின் ஓரத்தில் மண் பொரிகடலைபோல் உதிர்ந்து கிடக்கும். கால் பட்டால் பொலபொலவென்று உள்ளே சரியும். அந்தச் சத்தத்துக்காகவே நான் ஓரமாக மிதிப்பேன்.

அப்படித்தான் நாலணா போனது. 1974, சித்திரை. சக்கதேவி கோயில் திருவிழா. சவ்வு மிட்டாய்க்கும் ராட்டினத்துக்குமாகச் சேர்த்து ஆச்சி எனக்கு ஒரு நாலணாக் காசு கொடுத்திருந்தாள். அதைக் கட்டைவிரலால் சுண்டிச் சுண்டிப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஒருதரம் பிடி தவறியது. காசு வெடிப்பின் விளிம்பில் விழுந்தது, நின்றது, நான் குனிவதற்குள் மண்ணோடு சரிந்து உள்ளே போய்விட்டது. எண்ணெய்ப் புட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குப்புறப் படுத்துக் கையை விட்டேன். தோள் இடித்ததே தவிர விரலுக்கு எதுவும் சிக்கவில்லை. தடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஆச்சி திட்டவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள். "எந்திரிடீ. ஓம் காசு எங்கயும் போகல. பூமாதேவி கடன் கேட்டிருக்கா, குடுத்திருக்க. மழ பெஞ்சா வட்டியோட தருவா" என்றாள். சுருக்குப்பையிலிருந்து இன்னொரு காசு வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கடன் கொடுத்தவர் கையில் காசு இருக்காது என்பதை அன்று ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டே நின்று தெரிந்துகொண்டேன்.

அந்த வருஷம்தான் அரசாங்கம் பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் நினைவுக் கோட்டையை எழுப்பியது. சாரம் கட்டி வேலை நடந்ததாக ஞாபகம். டூரிங் டாக்கீஸில் சிவாஜி நடித்த கட்டபொம்மன் படம் பார்த்திருந்த எனக்கு அந்த மதிலும் வாசலும் சரியாகவே பட்டன. ஆச்சிக்குப் படவில்லை. "இது பாக்கதுக்குக் கட்டுனது. அது இருக்கதுக்குக் கட்டுனது" என்று கொஞ்சம் தள்ளி, முட்செடி மண்டிய மேட்டைக் காட்டினாள். வீட்டுத் திண்ணை உயரத்துக்கு மேல் இல்லாத மண் திட்டுகள். முயல் ஒன்று வேட்டை நாயை எதிர்த்து விரட்டிய இடம் என்று கண்டு கோட்டை கட்டியதாகக் கதை சொல்வார்களே, அந்த இடம் இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றம்.

பின்னாளில் படித்துத்தான் அந்தத் திட்டின் மதிப்பு தெரிந்தது. கோட்டை ஏறக்குறைய ஐந்நூறு அடிக்கு முந்நூறு அடி. சுவர் முழுக்க மண். சுற்றிலும் முள்வேலி. மண் என்றால் சாதாரண மண் இல்லை, என் கால் செருப்பைப் பிடுங்கிக்கொண்ட அதே கரிசல். தாக்க வந்தவர்களே அதன் ஒட்டுத்தன்மையைக் குறித்து வைத்திருக்கிறார்கள். கல் சுவர் என்றால் குண்டு பட்டதும் சிதறும். இந்த மண் குண்டை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள், கோட்டையை இடித்தார்கள். 1801 பிப்ரவரி 2-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரை, சில நாட்களுக்குள் அதே இடத்தில் கோட்டையை மறுபடி எழுப்பிவிட்டார். எப்படி முடிந்தது என்று வெள்ளைக்காரத் தளபதிகள் வியந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் வியக்கமாட்டார்கள். கரிசலைக் குழைத்துச் சுவர் வைத்து, ஒரு மழைக்குக் கரைந்தால் மறு வாரமே மெழுகி நிறுத்துவது அவர்களுக்கு வருஷா வருஷம் இருந்த வேலை. மார்ச் 31-இல் நடந்த முதல் தாக்குதலை அந்தச் சுவர் தாங்கியது. மே 24-இல்தான் வீழ்ந்தது. அதுவும் சித்திரை முடிந்து வைகாசி, பூமி வெடித்துக் கிடக்கும் காலம்.

வீழ்ந்த அன்றைய கதையை ஆச்சி ஒவ்வொரு நடையிலும் சொல்வாள். அதைச் சொல்ல அவளுக்கென்று ஓர் இடம் உண்டு, இரண்டு பனை சேர்ந்து நின்ற ஒரு வரப்பு. அங்கே தூக்குவாளியை இறக்கி நீச்சத்தண்ணி குடித்துவிட்டு ஆரம்பிப்பாள். சண்டை முடிந்து பொழுது சாயும் நேரம், மூன்று மைல் தள்ளி ஒரு ஊரிலிருந்து பெண்கள் புறப்பட்டார்கள். செத்துக் கிடப்பவர்களில் தங்கள் ஆட்களைத் தேடி எடுக்க வந்தார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடித்தாள். உயிர் இருந்தது. தூக்கப் போனாள். என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்றானாம் மகன். சாமி என்றால் ஊமைத்துரை. காயம்பட்ட அவரைப் பெண்கள் சுமந்துகொண்டு நடந்தார்கள். வெள்ளைக்காரர் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருவது தெரிந்ததும் உடம்பை வெள்ளைத் துணியால் மூடி, வைசூரியில் போன பிள்ளை என்று ஒப்பாரி வைத்தார்கள். வைசூரி என்றதும் வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

"ஆம்பளைக கோட்டையக் கெட்டுனாக, சண்ட போட்டாக. தூக்கிக்கிட்டு நடந்தது யாரு?" என்று கேட்டு என்னைப் பார்ப்பாள். நான் "பொம்பளைக" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் எழுந்திருப்பாள். இந்தக் கதையை ஆச்சியே கட்டிவிட்டாள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ராணுவ அதிகாரி 1830-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளிலும் இதே கதை இருப்பதைக் கல்லூரிக் காலத்தில் அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எழுதியவர் குதிரையேறிப் போய்விட்டார். இங்கே கதை வாய் வழியாக நடந்தே வந்திருக்கிறது.

அதே போரில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகளும் அங்கே பக்கத்தில்தான் இருக்கின்றன. காரை பெயர்ந்து, முட்செடிக்கு நடுவே நிற்கும். திருவிழாவுக்கு வரும் பையன்கள் அதன்மேல் ஏறி நிற்பார்கள். ஆச்சி மட்டும் அந்த இடம் வந்தால் தலைச்சீலையைச் சரி செய்துகொண்டு வேகத்தைக் குறைப்பாள். ஒருநாள், "எதிரிதானே ஆச்சி, என்னத்துக்கு நிக்க?" என்று கேட்டேன். "சாமிய எடுக்க ஒரு தாயி வந்தா. இவனுகளப் பெத்தவளும் எங்கயோ இருந்திருப்பாளே. அவளுக்கு நடந்து வர ஏலாதுல்லா, நடுவுல கடலு" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சிக்குத் தூரம் என்பதே நடந்து போக முடிவதும் முடியாததும்தான்.

என் கையிலிருந்த எண்ணெய்ப் புட்டிக்கு வருகிறேன். கோயில் விளக்குக்கு மற்றவர்கள் நல்லெண்ணெய் கொண்டுவருவார்கள். ஆச்சி கொண்டுபோனது விளக்கெண்ணெய், வீட்டுக் கொல்லையில் விளைந்த ஆமணக்கை வறுத்து, இடித்து, காய்ச்சி எடுத்தது. அது கொழகொழவென்றிருக்கும். எரியும்போது ஒரு மந்தமான வாசம். எனக்குப் பிடிக்காது. பேதிக்குக் கொடுப்பது அதுதான் என்பதால் இன்னும் பிடிக்காது. கடையில் வாங்கிய நல்லெண்ணெயைக் கொண்டுபோகலாமே என்று ஒருநாள் முரண்டு பிடித்தேன். ஆச்சி கொடிமரம் பக்கம் உட்கார வைத்துச் சொன்னாள். இரண்டாம் முறை கோட்டையை இடித்தபிறகு, ஊரே தெரியக் கூடாது என்று அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்களாம். கணக்குப் புத்தகத்திலிருந்தும் ஊரின் பெயரை எடுத்துவிட்டார்களாம்.

"அவன் வெதச்சது என்ன?"

"ஆமணக்கு."

"அத ஆட்டுனா வாரது என்ன?"

"வெளக்கெண்ண."

"பேருலயே வெளக்கு இருக்கு. முட்டாப்பய அதத் தெரியாம வெதச்சிட்டான்."

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வாசம் அதன்பிறகும் எனக்குப் பிடித்துவிடவில்லை. ஆனால் புட்டியைச் சாய்த்ததில்லை.

பதினைந்து வயதில் தூத்துக்குடிக்குப் படிக்கப் போனேன். அப்புறம் மதுரையில் வேலை, கல்யாணம், குடும்பம். ஆச்சி 1989-இல் போய்விட்டாள். ஊருக்குப் போனால் குறுக்குச்சாலையில் இறங்கி பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போவதே பழக்கமாயிற்று. வண்டித்தடம் பாதிக்குமேல் தார்ச்சாலையாகிவிட்டது. உடைமரங்கள் நின்ற ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். ஆனி, ஆடியில் புழுதியை அள்ளி முகத்தில் வீசும் மேகாத்தை யாரும் நல்ல பேர் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது அந்தக் காற்றுக்காகவே காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. நடப்பவர்களும் இல்லாமல் போகவில்லை. மார்கழி, தையில் மதுரைச் சாலையோரம் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாகத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இரவெல்லாம் நடக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு ஊர் ஊராக ஜோதி ஏந்தி இளைஞர்கள் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஓடி வருகிறார்கள். ஆச்சி இருந்தால், ஓடுவதைப் பார்த்து, "இவனுக எதப் பாத்திருக்கப் போறானுக" என்று கேட்டிருப்பாள்.

இதற்கிடையில் அந்த நாலணாவுக்கு ஒரு விளக்கமும் கிடைத்தது. கோவில்பட்டியில் 1901-லிருந்து கரிசல் பயிர்களுக்கென்றே ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. மண்ணைப் பற்றிப் படித்த உறவினர் ஒருவர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். கரிசல் களிமண் தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். சுருங்கும்போது வெடிக்கும். வெடிப்புக்குள் மேல்மண் உதிர்ந்து விழும். மறுபடி மழை பெய்து அடிமண் ஊதும்போது, விழுந்ததற்கு இடமில்லாமல் எல்லாம் மேல்நோக்கித் தள்ளப்படும். இப்படி வருஷா வருஷம் மேலது கீழே, கீழது மேலே. ஏர் இல்லாமலே தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்றார். நான் நாலணாவை மறந்து கோட்டையை நினைத்தேன். ஒரு ஊரை மறைக்க வேண்டும் என்று உழுதவர்கள் இந்த மண்ணில் போய் உழுதிருக்கிறார்கள்.

2023 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறக்கமாட்டார்கள். ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 65 சென்டிமீட்டர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஓட்டப்பிடாரம் பக்கமும் புஞ்சைகளில் தண்ணீர் நின்று உளுந்தும் பாசியும் அழுகின. தை பிறந்தபின், சொந்தத்தில் ஒரு துக்கம் விசாரிக்கப் போனேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிகாலை ஐந்தரைக்குத் தூக்கம் கலைந்தது. யாரையும் எழுப்பாமல் புறப்பட்டேன்.

பாதித் தூரம் தார்ச்சாலையில், மீதி புஞ்சை வழியில். மேல்மண் காய்ந்து தோல்போல் இருந்தது, கீழே ஈரம். காலை வைத்ததும் ஷூவின் அடியில் பலகை முளைத்தது. நாற்பது வருஷம் கழித்தும் அதே கனம். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். உள்ளங்காலில் அந்தக் குளிர்ச்சி ஏறியதும் கண் தானாகத் தரையைத் தேட ஆரம்பித்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன், எந்தக் கரிசல் காட்டில் மழைக்குப்பின் நடந்தாலும் நான் தலையைக் குனிந்துதான் நடப்பேன். அந்த இரண்டு பனைகளில் ஒன்றுதான் இருந்தது. அதன் பக்கம், மழை அரித்த சின்ன ஓடைக்கரையில், சிவப்பாக ஏதோ தெரிந்தது. பானை ஓட்டுச் சில்லு. கட்டைவிரல் அகலம். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு. நேற்று உடைந்த தண்ணிப் பானையோ, இருநூறு வருஷத்துக் கூழ்ப் பானையோ, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. விரலால் மண்ணைத் துடைத்தேன். விளிம்பில் சக்கரத்தில் சுற்றிய கோடுகள், நூல் பிடித்ததுபோல் மூன்று. அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தேன். அது நான் கொடுத்த கடன் இல்லை. வேறு யாருக்கோ திரும்ப வந்திருக்கிறது.

கோயிலில் அப்போதுதான் நடை திறந்திருந்தார்கள். தூத்துக்குடிக் கடையில் வாங்கிய விளக்கெண்ணெய்ப் புட்டி கைப்பையில் இருந்தது. வாசமே இல்லாதபடி சுத்திகரித்தது. விளக்கில் ஊற்றும்போது பூசாரி, "நல்லெண்ண இல்லையாம்மா?" என்று கேட்டார். "எங்க ஆச்சி வழக்கம்" என்றேன். அவர் திரியைத் தூண்டிவிட்டார்.

திரும்பும்போது வெயில் பனையின் பாதி உயரம் ஏறியிருந்தது. வேகமாக நடந்தேன். 2011 ஜூன் 30-லிருந்து நாலணாக் காசு செல்லாது. இனி அது மேலே வந்தாலும் ஒரு சவ்வு மிட்டாய்கூட வாங்க முடியாது. ஆனாலும் கடன் கடன்தானே. இன்னும் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன்.